மனத்திற்கு ஒரு நாட்குறிப்பு



ஓர் அமைப்பு பத்தாண்டுகளை நிறைவு செய்யும்போது, அதன் பொறுப்பாளர்கள் முதலில் தேடி எடுப்பது நிகழ்ச்சிக் குறிப்பேட்டையே ஆகும். எந்தத் திங்களில் எக்கூட்டம் நடந்தது, யார் யார் உரையாற்றினர், மழையால் தள்ளிவைக்கப்பட்ட கூட்டம் எது என்பனவற்றை நினைவு சொல்லாது; ஏடுதான் சொல்லும். நினைவில் நிற்பவை பெரும்பாலும் இரண்டே. ஒன்று, அரங்கு நிறைந்த கூட்டம். மற்றொன்று, ஆளே வராத கூட்டம். இடைப்பட்ட எத்தனையோ நல்ல மாலைப்பொழுதுகளை மனம் தவறவிட்டு விடுகிறது.

இல்லங்களிலும் இத்தகைய குறிப்புகள் உண்டு. சமையலறைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில், பால் வராத நாளுக்கு ஒரு சுழி. எரிவாயு உருளை மாற்றிய நாளுக்கு ஒரு குறி. காய்ச்சல் கண்ட குழந்தைக்கு வேளைக்கு வேளை வெப்பம் பார்த்துக் குறித்து வைக்கும் தாய்மார் உண்டு. இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரைக்கும் தனித்தனியே எண்கள் எழுதிய தாள்களோடு மருத்துவரைக் காணச் செல்லும் முதியோர் உண்டு. இத்தனைக்கும் கணக்கு வைத்திருக்கும் இல்லத்தில், மனத்திற்கு மட்டும் கணக்கில்லை. 'மனசு சரியில்லை' என்னும் ஒரே தொடர், துயரம், சினம், அச்சம், களைப்பு, குற்றவுணர்வு ஆகிய அனைத்தையும் ஒரு மூட்டையாகக் கட்டி மூலையில் வைத்து விடுகிறது. எந்த நாள் முதல் சரியில்லை, எவ்வளவு சரியில்லை, அதற்குமுன் எத்தனை இரவுகள் உறக்கம் கெட்டிருந்தது என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை.

மனத்தின் நிலையை நாள்தோறும் குறித்து வைத்தல் மனநலத்திற்கு எவ்வாறு துணையாகும், அக்குறிப்பு யாருடைய கையில் இருத்தல் வேண்டும் என்னும் இரண்டு வினாக்களை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம். அதற்கு, தமிழ் எழுத்தோடு எதிர்பாராத உறவு கொண்ட ஓர் ஆங்கில இல்லத்தின் வரலாறு பெரிதும் உதவும்.

தமிழெழுத்தில் ஒரு மறைகுறிப்பு

1904ஆம் ஆண்டு டிசம்பரில், இருபத்து நான்கு வயது நிரம்பிய ஆங்கிலேய இளைஞர் ஒருவர் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கினார். கேம்பிரிட்ஜில் பயின்று, இலங்கை ஆட்சிப்பணியில் சேர்ந்த லெனார்டு வுல்ஃப் என்பவரே அவர். 1905ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணக் கச்சேரியில் அவரது பணி தொடங்கியது. அங்கே தமிழ் கற்றார். பின்னர்க் கண்டிக்கு மாற்றப்பட்டார், சிங்களமும் பயின்றார். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டை மாவட்டத்தின் உதவி அரசாங்க அதிபராக விளங்கினார்.

அப்பதவியில் இருப்போர் தம் அலுவலை நாள்தோறும் குறிப்பேட்டில் எழுதி மேலிடத்திற்கு அனுப்புதல் கட்டாயம். உப்புச் சேகரிப்பு, மாடுகளைக் கொன்ற கொள்ளைநோய், பாசனக் குளங்கள், ஊர்ப்பயணங்கள் எனப் பலவற்றையும் அவர் இடையறாது எழுதி வந்தார். அரை நூற்றாண்டிற்குப் பின்னர் அக்குறிப்புகள் நூலாகவே வெளிவந்தன. நாள் தவறாமல் எழுதும் அப்பழக்கம் அவரை வாழ்நாள் முழுவதும் விட்டு அகலவில்லை. பிற்காலத்தில், மகிழுந்து ஓடிய தொலைவைக்கூட அவர் எழுதி வைத்தார்.

1911இல் விடுப்பில் தாயகம் திரும்பிய அவர், அடுத்த ஆண்டு பதவியைத் துறந்து, 1912 ஆகஸ்டு 10ஆம் நாள் வர்ஜீனியா ஸ்டீஃபனை மணந்தார். வர்ஜீனியா வுல்ஃப் என்று உலகம் பின்னர் அறிந்த எழுத்தாளர் அவரே. மணநாளில் அவருக்கு வயது முப்பது. 1895இல், தம் பதின்மூன்றாம் வயதில் தாயை இழந்தவர். 1897இல் தாய்வழித் தமக்கையையும், 1904இல் தந்தையையும், 1906இல் தமையனையும் இழந்தவர். தாயின் மறைவை ஒட்டியும் தந்தையின் மறைவை ஒட்டியும் அவர் கடுமையாக மனநோய்ப்பட்டிருந்தார். திருமணத்திற்கு மறுஆண்டு அந்நோய் மீண்டும் தாக்கியது. 1913 செப்டம்பரில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று காப்பாற்றப்பட்டார்.

அந்நோய்க்காலத்தில் லெனார்டு, மனைவியின் நிலையை நாள்தோறும் தம் குறிப்பேட்டில் பதிந்து வந்தார். இரவு எவ்வாறு கழிந்தது, பகலில் எவ்வாறு இருந்தார் என்பன போன்ற சிறு சிறு குறிப்புகள் அவை. பிறர் கண்ணில் பட்டாலும் பொருள் விளங்காதவாறு, தமிழ் எழுத்துகளும் சிங்கள எழுத்துகளும் கலந்த ஒரு குறியெழுத்தை அவர் அமைத்துக்கொண்டார். யாழ்ப்பாணத்தில் அலுவலுக்காகக் கற்ற எழுத்து, இங்கிலாந்தில் ஒரு பெண்ணின் உறங்கா இரவுகளைத் தாங்கி நின்றது. தமிழ் எழுத்தின் நெடிய வரலாற்றில் இது ஒரு சிறு நிகழ்ச்சியே எனினும், நெஞ்சைத் தொடும் நிகழ்ச்சியாகும்.

அக்குறிப்புகளால் விளைந்த பயன் யாது? 1964இல் வெளிவந்த தம் தன்வரலாற்று நூற்பகுதியில் லெனார்டு அதனை விளக்குகிறார். மருத்துவர்கள் அந்நோய்க்கு இட்ட பெயர் நரம்புத் தளர்ச்சி. நாள்தோறும் அருகிருந்து கண்டவருக்கோ அதனுள் இரண்டு வேறுபட்ட நிலைகள் தெரிந்தன. ஒன்று, இடைவிடாத பேச்சும் அடங்காத கிளர்ச்சியும் கொண்ட மிகையெழுச்சி நிலை. மற்றொன்று, உணவை மறுத்துத் தம்மையே குற்றவாளியாகக் கருதும் சோர்வு நிலை. இவை வருமுன் தோன்றும் எச்சரிக்கைக் குறிகளும் தெரிந்தன. தலைவலி, உறக்கமின்மை, எண்ணங்கள் கட்டுக்கடங்காது விரைந்தோடுதல் ஆகியவை அவை. அக்குறிகள் தோன்றிய உடனே வேலையை நிறுத்தி, ஓய்வெடுத்து, நன்றாக உண்டால் சில நாள்களிலேயே அவர் தேறிவிடுவார். கவனியாது விட்டால் நோய் முற்றும். பெயர்பெற்ற மருத்துவர்களுக்குப் புலப்படாத ஓர் ஒழுங்கு, நாள் தவறாமல் எழுதியவருக்குப் புலப்பட்டது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

ஆயினும் இந்நிகழ்ச்சிக்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. அந்த ஏடு வர்ஜீனியாவைப் பற்றியது, வர்ஜீனியாவுக்கு உரியதன்று. எழுதியவர் ஒருவர், எழுதப்பட்டவர் வேறொருவர். தம்மைப் பற்றி எழுதியிருப்பது யாதெனப் படித்தறியவும் அவருக்கு வழியில்லை. அக்கால மருத்துவம் விதித்த ஓய்வு முறையோ படிப்பையும் எழுத்தையும்கூடக் கட்டுப்படுத்தியது. எழுத்தே உயிராக வாழ்ந்த ஒருவரிடமிருந்து எழுதுகோலை வாங்கி வைத்துவிட்டு, அவரைப் பற்றிப் பிறர் எழுதினர். லெனார்டின் அன்பில் ஐயமில்லை. எனினும், அன்போடு செய்யும் கண்காணிப்பும் கண்காணிப்பே என்பதை மறுத்தற்கில்லை.

வர்ஜீனியா எழுதிய ஏடு

அதே இல்லத்தில் மற்றொரு குறிப்பேடும் பிறந்தது. 1915ஆம் ஆண்டின் முதல் நாளன்று வர்ஜீனியா தம் கையால் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். பிப்ரவரி நடுவில் அது நின்றுபோயிற்று. கடும் நோய் மீண்டும் தாக்கியதே காரணம். அதன்பின் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் ஏட்டில் ஒன்றுமில்லை. 1917 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியவர், 1941 மார்ச்சு வரை அதனைக் கைவிடவில்லை. 1977 முதல் 1984 வரை ஐந்து தொகுதிகளாக அந்நாட்குறிப்பு அச்சேறியது.

அதில் 1926 ஜூலை 31ஆம் நாள் எழுதப்பட்ட ஒரு குறிப்பு, மனநிலைப் பதிவுக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு ஆகும். ஊர்ப்புற இல்லத்திற்கு வந்து சேர்ந்த வர்ஜீனியா, தம் மூளையையே பொருளாகக் கொண்டு, ஒரு மனமுறிவின் சிறு வடிவத்தை நாள்வாரியாக வரைந்து காட்டுகிறார். செவ்வாய்க்கிழமை நாற்காலியில் சாய்ந்தவருக்கு எழ முடியவில்லை, எதிலும் சுவையில்லை. புதன்கிழமை, தனிமையையும் திறந்த வெளியையும் மட்டுமே மனம் நாடுகிறது, படிக்க இயலவில்லை. வியாழக்கிழமை, வாழ்வில் இன்பமே தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை உடல் களைத்திருப்பினும் மூளை மெல்ல அசைகிறது. கவிதை படிக்கும் விருப்பம் எழுகிறது. சனிக்கிழமை தெளிவு பிறக்கிறது.

இச்சிறு குறிப்பின் அருமை எங்கே உள்ளது? வியாழக்கிழமையன்று மட்டும் ஒருவர் அவரைக் கண்டிருந்தால், வாழ்வில் பற்றற்றவர் என்றே முடிவு கட்டியிருப்பார். வர்ஜீனியாவுக்கே அன்று அவ்வாறுதான் தோன்றியிருக்கும். ஐந்து நாள்களையும் ஒரே பக்கத்தில் அடுக்கிப் பார்க்கும்போதுதான், வியாழக்கிழமை என்பது இறங்கி ஏறும் ஒரு படிக்கட்டின் அடிப்படி எனத் தெரிகிறது. துயருற்ற மனம் எப்போதும் நிகழ்காலத்தையே எல்லாக் காலமாகவும் காணும். 'இப்படியேதான் இருந்தது, இனியும் இப்படியேதான் இருக்கும்' என்பது அதன் பேச்சு. அப்பேச்சை மறுக்கும் சான்று, அதே மனம் வேறொரு நாளில் எழுதி வைத்த எழுத்தேயன்றி வேறில்லை.

1981இல் அமெரிக்க உளவியலறிஞர் கார்டன் பவர், மனநிலைக்கும் நினைவுக்கும் உள்ள உறவைப் பற்றித் தம் ஆய்வை வெளியிட்டார். மகிழ்ந்த மனம் மகிழ்ச்சிக்குரியவற்றையும், வருந்திய மனம் வருத்தத்திற்குரியவற்றையும் எளிதாகப் பற்றிக்கொள்ளும் என்பது அவ்வகை ஆய்வுகளால் அறியப்பட்ட செய்தி. எனவே, சோர்வில் இருப்பவரிடம் 'சென்ற மாதம் எப்படி இருந்தீர்கள்?' என்று கேட்டால், இன்றைய சோர்வே சென்ற மாதத்திற்காகவும் விடை சொல்லும். ஏடு அவ்வாறு சொல்லாது.

எழுதப்படாத பக்கங்களும் ஈண்டுக் கருதத்தக்கன. 1915 பிப்ரவரிக்குப் பிந்தைய வெறுமையும், 1936இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை நேர்ந்த இரண்டு திங்கள் இடைவெளியும் வர்ஜீனியாவின் நோயைச் சொற்களினும் தெளிவாகக் காட்டுகின்றன. மனநிலை ஏட்டில் வெற்றுத்தாளும் ஒரு குறிப்பே ஆகும்.

காலமே நோயைக் காட்டும்

மனநோயை அறிவதற்குக் காலப்போக்கு இன்றியமையாதது என்பதை மருத்துவ உலகமும் மெல்ல மெல்லவே உணர்ந்தது. ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரெப்பெலின், 1899இல் வெளிவந்த தம் பாடநூலின் ஆறாம் பதிப்பில், நோயாளியின் ஒரு நாள் தோற்றத்தைக் காட்டிலும் நோய் நெடுங்காலம் செல்லும் போக்கையே அளவுகோலாகக் கொண்டு, மனநோய்களைப் பிரித்துக் காட்டினார். எழுச்சியும் சோர்வுமாக வந்து வந்து நீங்கும் நோய் தனி வகையாக நிறுவப்பட்டது அவ்வாறே. அமெரிக்காவில் அடால்ஃப் மேயர், ஒருவரது வாழ்க்கை நிகழ்ச்சிகளையும் நோய்களையும் ஆண்டு வரிசையில் எழுதும் வாழ்க்கைப் பட்டியலை மருத்துவத்தில் புகுத்தினார். 1980களில் அந்நாட்டின் தேசிய மனநல நிறுவனத்தைச் சார்ந்த ராபர்ட் போஸ்ட் முதலியோர் அதனை மேலும் செம்மைப்படுத்தினர். நடுவே ஒரு கோடு. எழுச்சி கோட்டிற்கு மேலே. சோர்வு கோட்டிற்குக் கீழே. அவற்றோடு மருந்தும் வாழ்க்கை நிகழ்ச்சியும். எழுதத் தெரியாதவரும் படித்தறியக்கூடிய எளிய படம் அது.

இன்றைய மருத்துவ வரையறைகளிலும் காலமே முதன்மை பெறுகிறது. சோர்வோ, எதிலும் நாட்டமின்மையோ, பிற குறிகளோடு சேர்ந்து இரண்டு வாரங்களேனும் நீடித்தால்தான் மனச்சோர்வு நோய் எனக் கருதப்படும். ஒரு நாள் அழுகை நோயன்று. ஒரு நாள் சிரிப்பு நலமும் அன்று. இரண்டு வாரங்களை நினைவிலிருந்து சொல்வது கடினம். ஏட்டிலிருந்து சொல்வது எளிது. மருத்துவருக்கு நோயாளியோடு கிடைப்பது சில மணித்துளிகளே. அச்சிறு பொழுதில் மூன்று மாத வாழ்க்கையை அவர் கண்முன் விரிக்க வல்லது ஒற்றைத் தாள். புதிய மருந்து தொடங்கியபின் உறக்கம் சீர்பட்டதா, எழுச்சி மிகுந்ததா என்பதையும் அத்தாளே காட்டும்.

மெய்ப்பாடும் பொழுதும்

1926 ஜனவரியில், டி. எஸ். எலியட் ஆசிரியராக இருந்த இதழில் வர்ஜீனியா நோயைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நோயுற்றோர் தம் துன்பத்தைச் சொல்ல முற்படும்போது மொழியில் சொற்பஞ்சம் நேர்கிறதே என்பது அக்கட்டுரையின் கவலைகளுள் ஒன்று. 'மனசு சரியில்லை' என்பதோடு நின்றுவிடும் தமிழ் இல்லங்களுக்கும் அக்கவலை பொருந்தும். ஆனால் தமிழ் இலக்கண மரபிற்கு அது பொருந்துமா என்பது சிந்திக்கத்தக்கது.

தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஓர் இயல் உண்டு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டாகப் பகுத்ததோடு ஆசிரியர் அமையவில்லை. ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு நான்காக, முப்பத்திரண்டையும் வகுத்துரைத்தார். காட்டாக, அழுகை என்பது பிறரால் இகழப்படுதலாலும், உற்றாரையோ உடைமையையோ இழத்தலாலும், பண்டை நிலை தளர்தலாலும், வறுமையாலும் பிறக்கும். நான்கும் அழுகையே, ஆயினும் நான்கிற்கும் மருந்து வேறு. இழப்பால் அழுபவருக்கு வேண்டுவது துணை. வறுமையால் அழுபவருக்கு வேண்டுவது பொருள். இகழ்ச்சியால் அழுபவருக்கு வேண்டுவது மதிப்பு. இன்ன உணர்வு என்பதோடு, எதனால் பிறந்தது என்பதையும் சேர்த்துக் குறித்தல் வேண்டும் என்னும் பாடம் இதனுள் அடங்கியிருக்கிறது.

உள்ளத்து நிகழ்வு உடல்வழிப் புலப்படுவதே மெய்ப்பாடு. உறக்கமும் உணவும் நடையும் பேச்சும் மாறுவதைக் கொண்டு மனநிலையை அறியும் இன்றைய முறைக்கும் இதற்கும் நெருக்கம் உண்டு. அவ்வாறே, அகத்திணையில் நிலமும் பொழுதும் முதற்பொருள் எனப்பட்டன. காத்திருத்தலுக்குக் கார்காலமும் மாலையும், பிரிவுக்கு வேனிலும் நண்பகலும் உரியனவாக்கப்பட்டன. உணர்வுக்கு ஒரு பொழுது உண்டு என்பதைப் பழந்தமிழர் கண்டிருந்தனர். மாலையில் மட்டும் மனம் கனப்பவர், ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் சோர்பவர், விடியலில் காரணமின்றி அஞ்சி விழிப்பவர் எனப் பலர் உளர். பொழுதைக் குறித்தாலன்றி இவ்வொழுங்கு வெளிப்படாது.

தொல்காப்பியர் மனநோய் மருத்துவம் எழுதினார் என்பது இதன் கருத்தன்று. செய்யுளுக்கு இலக்கணம் வகுத்தவர் அவர். ஆயினும், உணர்வைப் பெயரிட்டும், வகைப்படுத்தியும், பொழுதோடு பொருத்தியும் காணும் பயிற்சி தமிழ் கற்றோர்க்குப் புதியதன்று. தேர்வுக்காக எட்டு மெய்ப்பாட்டையும் மனப்பாடம் செய்யும் மாணவி, தன் மனத்தில் இன்று நிகழ்வது எட்டனுள் எது என ஒரு முறையேனும் கேட்டுப் பார்த்தால், அவ்வியல் உயிர்பெறும்.

எழுதும் முறை

மனநிலை ஏடு எழுதுதற்கு இலக்கியத் திறன் வேண்டுவதில்லை. நாட்காட்டித் தாளின் ஒரு கட்டமே போதும். நாள்தோறும் ஒரே வேளையில், இரண்டு மணித்துளிகளில் முடியும் வேலை இது. முந்தைய இரவு உறங்கிய மணிக்கணக்கு; உணவு உண்ட அளவு; மனநிலைக்கு ஒன்று முதல் பத்து வரை ஓர் எண்; மருந்து உட்கொள்பவராயின் அது பற்றிய குறி; அன்று நிகழ்ந்த முதன்மையான செய்தி ஒரு வரியில். பெண்கள் மாதவிலக்கு நாள்களையும் உடன் குறித்தல் நன்று. மனநிலை மாற்றத்திற்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்பது சில மாதங்களில் தெரிந்துவிடும்.

நல்ல நாள்களை எழுதாது விடுதல் பெரும்பாலோர் செய்யும் பிழை. துன்பம் வந்தபோது மட்டும் எழுதப்பட்ட ஏடு, வாழ்வே துன்பம் எனப் பொய்ச்சான்று கூறும். மற்றொரு பிழை, எழுதியதை அன்றன்றே மீண்டும் மீண்டும் படித்துத் தம்மைத் தாமே வருத்திக்கொள்ளுதல். நாட்டிய விதையை நாள்தோறும் தோண்டிப் பார்ப்பவர் முளையைக் காண்பதில்லை. நாள்தோறும் எழுதுக; வாரத்திற்கு ஒரு முறையோ மாதத்திற்கு ஒரு முறையோ படிக்க. எழுதுவதே சுமையாகி, மனத்தை மேலும் உழற்றுமாயின், அதனை நிறுத்திவிட்டு மருத்துவரையோ நம்பிக்கைக்குரியவரையோ நாடுதல் வேண்டும். ஏடு மனிதருக்காகவே, மனிதர் ஏட்டிற்காக அல்லர்.

சில மாத ஏட்டைப் புரட்டினால் ஒவ்வொருவருக்கும் தத்தம் எச்சரிக்கைக் குறிகள் புலப்படும். ஒருவருக்கு உறக்கம் குறைதல். மற்றொருவருக்குத் தொலைபேசி அழைப்புகளைத் தவிர்த்தல். வேறொருவருக்குத் தேவைக்கு மீறிய செலவு. அக்குறிகளை ஏட்டின் முதற்பக்கத்தில் எழுதி, அவை தோன்றினால் செய்ய வேண்டுவது யாது, அழைக்க வேண்டியவர் யார் என்பதையும் நலமாக இருக்கும்போதே எழுதி வைத்தல் வேண்டும்.

ஏட்டின் எல்லை

குறிப்பேடு எத்துணை நன்றாக எழுதப்படினும், அது காவலாளி ஆகிவிடாது. 1940இன் இலையுதிர் காலத்தில் இலண்டனில் குண்டுகள் விழுந்தன; வுல்ஃப் இணையரின் இலண்டன் வீடுகள் சிதைந்தன. 1941இன் தொடக்கத்தில் வர்ஜீனியாவின் நலம் மீண்டும் குலைந்தது. பழைய எச்சரிக்கைக் குறிகளை நன்கறிந்த லெனார்டுக்கும் இம்முறை நோய் வந்த வழி வேறாகவே தோன்றியது. மார்ச்சு 27ஆம் நாள் மருத்துவர் ஒருவரிடம் மனைவியை அழைத்துச் சென்றார். மறுநாள் வர்ஜீனியா தம் வாழ்வை முடித்துக்கொண்டார். வயது ஐம்பத்தொன்பது.

அவரது நோயை இருமுனை மனநோய் எனப் பிற்கால அறிஞர் பலர் கருதுகின்றனர். மிகையெழுச்சியைத் தணிக்க லித்தியம் பயன்படும் என்பதை ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேடு வெளியிட்டது 1949இல். வர்ஜீனியா மறைந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின். நாள்தோறும் எழுதும் கணவர் இருந்தார். நாள்தோறும் எழுதும் ஆற்றல் அவருக்கே இருந்தது. ஏட்டில் கண்டதற்கு ஏற்ற மருந்துதான் அன்று இல்லை. இன்று மருந்து இருக்கிறது; பேச்சுவழிச் சிகிச்சை இருக்கிறது; ஆனால் ஏடும் இல்லை, சொல்லும் இல்லை, 'ஊர் என்ன சொல்லுமோ' என்னும் அச்சம் மட்டுமே இருக்கிறது என்றால், அது எத்தகைய அவலம்!

ஏட்டில் எழுதி வைத்துக் காத்திருக்கக் கூடாதது ஒன்று உண்டு. உயிர் வாழ்தல் வேண்டா என்னும் எண்ணம் தலைகாட்டினால், அதனை உடனே ஒரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்லல் வேண்டும். 2022ஆம் ஆண்டு அக்டோபரில் இந்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசிச் சேவையை 14416 என்னும் எண்ணில், கட்டணமின்றி எந்நேரமும் தமிழிலேயே அழைக்கலாம்.

திறவுகோல் யாரிடம்?

நிறைவாக, தொடக்கத்தில் எழுப்பிய இரண்டாம் வினாவிற்கு வருதல் வேண்டும். லெனார்டின் ஏட்டிற்குத் திறவுகோல் லெனார்டிடம் இருந்தது. இன்று கைப்பேசிச் செயலிகள் பல, மனநிலையை நாள்தோறும் கேட்டுப் பதிகின்றன. அவற்றின் வசதி பெரிது. எனினும் அங்கே பதிந்த துயரத்தின் திறவுகோல் யாரிடம் இருக்கிறது என்பதைக் கேட்டறிந்த பின்னரே பயன்படுத்துதல் அறிவுடைமை. தாயோ, கணவரோ, விடுதிக் காப்பாளரோ ஒருவரது மனநிலையை அவரறியாமல் எழுதி வைப்பதும் இவ்வினாவிற்கு உட்பட்டதே. நோயின் கடுமையில் தாமே எழுத இயலாதவருக்காகப் பிறர் எழுத நேரலாம். அவ்வாறு எழுதியதைத் தேறியபின் உரியவர் கையில் ஒப்படைத்தலே முறை.

இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, இக்கருத்திற்கு அரண் செய்கிறது. தம் நோயும் சிகிச்சையும் பற்றிய செய்திகள் மறைவாகக் காக்கப்படும் உரிமையை அது வழங்குகிறது. பின்னர் நோய் கடுமையாகி, முடிவெடுக்க இயலாத நிலை நேர்ந்தால் எவ்வாறு சிகிச்சை பெற விரும்புகிறார், எவ்வாறு பெற விரும்பவில்லை என்பதை ஒருவர் முன்னரே எழுதி வைக்கவும் அது வழிவகுக்கிறது. தெளிந்த நாளில் எழுதிய சொல், கலங்கிய நாளிலும் அவருக்காகப் பேசும். மனநிலை ஏட்டின் உட்பொருளும் அதுவே அன்றோ?

1913இல் ஒருவரது துயரம் அவரே படிக்க இயலாத எழுத்தில் எழுதப்பட்டது. அதற்குத் தமிழ் எழுத்து பூட்டாகப் பயன்பட்டது. அதே எழுத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர்க்கு அது பூட்டு அன்று, திறவுகோல். 'மனசு சரியில்லை' என்னும் மூட்டையை அவிழ்த்து, உள்ளிருப்பது அழுகையா, அச்சமா, வெகுளியா, எதனால், எப்பொழுதிலிருந்து என்று தம் கையால், தம் மொழியில், நாளைக்கு ஒரு வரி எழுதத் தொடங்குவோர்க்கு, நாட்காட்டியில் பால் கணக்கிற்குப் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. இவ்விலக்கிய வட்டத்தின் பத்தாண்டுக் குறிப்பேடு, மறந்துபோன நல்ல மாலைப்பொழுதுகளை மீட்டுத் தருவது போல, அவ்வேடும் ஒருநாள் தன்னை எழுதியவருக்கு மறந்துபோன நல்ல நாள்களை மீட்டுத் தரும்.